வெள்ளச்சியின் மடியில் மல்லிகைப் பூ

எனக்கு ஆடு வளர்க்கத் தெரியாது என்ற உண்மையை ஒரகடம் பக்கத்து வல்லம் வடகால் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரப்பிய பெருமை நாலு முழம் மல்லிகைப் பூவையே சேரும். அதுவரை அது எனக்கே சரியாகத் தெரியாது.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. இங்கே இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் எல்லாருமே தழை பறிக்கும் தொரட்டியும் கையுமாகப் பிறந்தவர்கள், ஆட்டின் முகத்தைப் பார்த்தே அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவார்கள் என்று. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஆடு உண்டு, மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது தையல் மிஷின். அப்பா வெட்டிப் போட்ட துணித் துண்டைத் தின்ன வரும் ஆடுகளை விரட்டியதுதான் எனக்கும் ஆட்டு வர்க்கத்துக்கும் இருந்த மொத்த உறவு. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார், "உங்க ஊர்ல ஆடு நெறைய இருக்குமே?" என்று கேட்டார். "நெறைய உண்டு அத்தை" என்றேன். அதில் பொய் இல்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை, நானும் மேற்கொண்டு சொல்லவில்லை. (காதல் கல்யாணம். மாமியார் என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்தால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது.)

என் வீட்டுக்காரர் சேகருக்கு ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் வேலை. எனக்கு செல்போன் பார்ட்ஸ் கம்பெனியில். அவருக்குக் காலை ஏ ஷிப்ட் என்றால் எனக்கு மதியம் தொடங்கும் பி ஷிப்ட். நான் செருப்பை மாட்டும்போது அவர் செருப்பைக் கழற்றுவார். வாசலில் நின்றபடியே சாவி, கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் நாங்கள் உட்கார்ந்து பேசியதைவிட வாசலில் கைமாற்றிக்கொண்டதுதான் அதிகம்.

அத்தையின் சொத்து வெள்ளச்சி என்ற ஒரே ஆடு. கழனி இருந்த இடத்தில் இப்போது கம்பெனி காம்பவுண்டுச் சுவர். அந்தச் சுவர் ஓரமாகவே வெள்ளச்சியை மேய்த்து, அவளையும் அவள் போட்ட ஒரு கிடாக்குட்டி, ஒரு பெட்டைக்குட்டியையும் அத்தை கண்ணும் கருத்துமாக வளர்த்துவந்தார். அப்போதுதான் உத்திரமேரூரில் நாத்தனாருக்குப் பிரசவம் வந்தது. அத்தை புறப்பட்டார்.

"குட்டிங்க தழ நல்லாத் துன்னுதுங்க. இருந்தாலும் அவ மடியயே முட்டிக்கினு கீதுங்க" என்றார், ஆட்டோவில் ஏறிக்கொண்டே. "இவ மறுபடியும் செனையா கீறா. உடம்புல இன்னா கீது, பாரு, வெறும் எலும்புதான். குட்டிங்கள தனியா கட்டிப் பால் மறக்கடிச்சிடு. இவளுக்கு மடி வத்தணும். மடிய மட்டும் பாத்துக்க மாரி. மடி கெட்டுப்போச்சின்னா அப்பால ஆட்ட வச்சிக்கினு இன்னா பண்றது, கறிக்கடைக்குத்தான் ஓட்டணும்."

எப்படி வற்ற வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் அடுத்து வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நா பாத்துக்கிடுதேன் அத்தை. எங்க ஊர்ல பாக்காத ஆடா?"

அத்தை அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக வெள்ளச்சியின் உயிரையே பணயம் வைத்திருக்கிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

குட்டிகளை வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் தட்டியடித்துக் கட்டினோம். வெள்ளச்சி இந்தப் பக்கம் கொட்டகையில். ஆடு கத்தும் என்று தெரியும். தொண்டை கிழிய, மூச்சு விடாமல், மனிதர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலக் கத்தும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வெள்ளச்சி ஒரு குரல் கொடுப்பாள், குட்டிகள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் கொடுக்கும், நடுவில் நான் காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். பக்கத்து லைன் வீட்டு ரூம்களில் எல்லாம் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன்கள்தான். அவர்களில் கயத்தாறுக்காரர் ஒருவர் கண் சிவக்க வந்து நின்றார்.

"யக்கா, கோவிச்சுக்கிடாதீய. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பதான் படுத்தோம். அந்த ஆட்டுக்கு என்ன வேணும்னு கேட்டுக் குடுத்துருங்களேன்."

கேட்க வேறு வேண்டுமா? வெள்ளச்சிக்கு வேண்டியது குட்டிகள். அதைக் கொடுக்க முடியாது என்பதால் தீனியைக் கொடுத்தேன். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்துத் தவிடு கலந்து ஒரு வாளி வைத்தேன். அதைத் தின்னும் வரைக்கும் சத்தம் இல்லை. அப்புறம் அரிசிக் கஞ்சி. அதற்கும் சத்தம் இல்லை. பிள்ளையைப் பிரிந்த துக்கத்தில் இருக்கிறாள், எலும்பும் தோலுமாக வேறு இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடட்டும் என்று எனக்குக் கண் கலங்கியது. நான் வேலைக்குப் போன பிறகு சேகரும் இதே கண் கலங்கலோடு மக்காச்சோளம் வைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தீனி ஏறியது, மடியும் ஏறியது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் சித்தி ஞாபகம் வந்தது. தம்பிக்குப் பால் நிறுத்தியபோது சித்தி மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். பால் வற்றிவிட்டது. மனுஷிக்கு வற்றும் என்றால் ஆட்டுக்கு வற்றாதா? (இப்படி எல்லாம் யோசிக்கிற ஆளைத்தான் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் போட்டிருந்தார்கள்.)

ஸ்ரீபெரும்புதூர் போய்க் கோயில் பக்கத்தில் பூக்காரம்மாவிடம் நாலு முழம் மல்லி கேட்டேன்.

"தலைக்கா, சாமிக்கா?"

"மடிக்கு" என்றேன், யோசிக்காமல்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பூவை அளந்தார்.

பூவை மடியோடு சேர்த்துக் கட்டத் துணி வேண்டுமே. கம்பெனியில் கொடுத்த பழைய நீல நிறக் கோட்டு ஒன்று இருந்தது. லைனில் நிற்கும்போது போட்டுக்கொள்வது. தையல்காரர் மகள் இல்லையா, கையைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பேனா? கோட்டை இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியில் மடிக்கு அளவாக ஒரு பை தைத்து, நாலு மூலைக்கும் நாடா வைத்து, முதுகுக்கு மேலே இழுத்து இறுக்கிக் கட்டினேன். கோட்டின் மேல்பாதியை, கம்பெனி முத்திரையும் பட்டனும் இருப்பதால் தூக்கிப் போட மனசு வராமல், கொட்டகை ஆணியில் மாட்டினேன். ஷிப்ட் முடிந்து வந்த சேகர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாது இது? ஆட்ட வேலைக்கி அனுப்பப் போறியா?"

"பால் வத்துறதுக்கு. எங்க ஊர் வைத்தியம்."

எங்க ஊர் என்றதும் அவர் வாயை மூடிக்கொண்டார். பெண்டாட்டி ஊரை மதிக்கிற நல்ல மனுஷன். அந்த நல்ல குணம்தான் எங்களைக் குப்புறத் தள்ளியது.

மறுநாள் வேலை முடிந்து வந்து பையைத் தொட்டுப் பார்த்தேன். மடி தொளதொள என்று இருந்தது. நம்ப முடியவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. சித்திக்கு போன் போட்டுச் சொன்னேன். கேண்டீனில் எல்லாரிடமும் சொன்னேன். திண்டுக்கல் பெண் ஒருத்தி, "மாட்டுக்கும் கேக்குமா?" என்று விசாரித்தாள். "பூவைக் கூட்டணும்" என்று ஆலோசனை சொன்னேன். அத்தையிடமும் போனில், "மடி வத்திக்கிட்டே வருது அத்தை" என்று பெருமையாகச் சொன்னேன். அவரும் நம்பினார்.

நடந்தது வேறு. நான் பஸ் ஏறியதும் சேகர் நாடாவை அவிழ்த்து, "பாவம், ஒரே ஒரு வாட்டி" என்று குட்டிகளை ஓட்டிவந்து விட்டுவிடுவார். இரண்டும் முட்டி முட்டிக் குடித்து முடித்ததும் மறுபடி பூவை வைத்துக் கட்டிவிடுவார். அன்பு கசியக் கசிய வளர்ந்த பிள்ளை. இந்த ரகசியத்தை மட்டும் வாசலில் என்னிடம் ஒப்படைக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் கம்பெனியில் ஆர்டர் கூடி, அவரையும் பி ஷிப்டில் போட்டு, காலையிலும் ஓ.டி.க்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். குட்டிகளை அவிழ்த்துவிட அவருக்கு நேரமில்லை. மாரிதான் மடி வற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளே, தெற்கத்திப் பெண், கட்டிய பாலை அவ்வப்போது பீய்ச்சிவிடுவாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பூ வேலை செய்கிறபோது அவிழ்த்து அவிழ்த்துப் பார்க்கக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டேன். தீனியை மட்டும் இரண்டு பேருமே மறக்கவில்லை.

ஒரு நாள் காலையில் கயத்தாறுக்காரர் சிரித்த முகமாக வந்தார். "யக்கா, நேத்து பூரா ஆடு சத்தமே இல்லையே. நல்லாத் தூங்குனோம். ரொம்ப நன்றிக்கா."

கொட்டகைக்கு ஓடினேன். வெள்ளச்சி பின்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு, நடுங்கிக்கொண்டு நின்றாள். முந்தின நாள் வைத்த புண்ணாக்கு வாய் படாமல் அப்படியே இருந்தது. நாடாவை அவிழ்த்தேன். அழுகிய மல்லிகையின் நாற்றம் முகத்தில் அடித்தது. மடி சிவந்து மினுமினுத்தது. இடது பக்கத்தைத் தொட்டால் அம்மிக்கல் போல இருந்தது. அம்மிக்கல் சுடாது, இது சுட்டது. காம்பை லேசாக அழுத்தியதும் திரிந்த மோர் மாதிரி மஞ்சள் தண்ணீரும் கட்டியுமாக வந்தது. வெள்ளச்சி விட்ட உதையில் நான் வைக்கோல் மேல் போய் உட்கார்ந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. கறிக்கடை, கறிக்கடை என்று அத்தையின் குரல் மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீதான பால் பீச்சினு இருந்த?" என்றார் பின்னாலேயே வந்த சேகர்.

"நா எதுக்குப் பீச்சணும்? தானா வத்திட்டு இருந்துச்சே."

"தானா எங்க வத்துச்சி? குட்டிங்கள நான்தான் விட்டுனு இருந்தேன்."

அவர் சொன்னது மண்டைக்குள் இறங்கச் சற்று நேரம் ஆயிற்று. இறங்கியதும், பூவை நம்பி ஊரெல்லாம் பேசிய பேச்சு முழுக்க ஞாபகம் வந்து காது சூடேறியது. ஒரு ஆட்டை வைத்துக்கொண்டு நாங்கள் ஒருவரையொருவர் இத்தனை அழகாக ஏமாற்றியிருக்கிறோம்.

சூப்பர்வைசருக்கு போன் செய்து வயிற்றுவலி, இன்றைக்கு வர முடியாது என்று லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தோம். வெள்ளச்சிக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஆணியில் தொங்கிய அந்தப் பாதிக் கோட்டை எடுத்து அவளுக்குப் போர்த்திப் பட்டனும் போட்டேன். பின் சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றபடி வெள்ளச்சி தலையை வெளியே நீட்டிக்கொண்டாள். வல்லம் சிக்னலில் ஆட்டோ நின்றது. பக்கத்தில் வந்து நின்றது எங்கள் கம்பெனியின் ஜெனரல் ஷிப்ட் பஸ். ஜன்னலோரம் சூப்பர்வைசர். அவர் வெள்ளச்சியைப் பார்த்தார், வெள்ளச்சி அவரைப் பார்த்தாள், அவள் போட்டிருந்த கோட்டில் எங்கள் கம்பெனி முத்திரை பளிச்சென்று இருந்தது. அவர் அப்புறம்தான் என்னைப் பார்த்தார். அந்த சிக்னல் போல நீண்ட சிக்னலை நான் இன்றுவரை பார்த்ததில்லை. (மறுநாள் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வயித்துவலி யாருக்கு?")

கால்நடை மருந்தகத்தில் ஒரு டாக்டர் அம்மா. மடியைத் தொட்டதும் அவர் முகம் மாறியது.

"யாரு இத பாத்துக்கறது?"

நான் சேகரைக் காட்டினேன். அதே நேரம் சேகர் என்னைக் காட்டினார்.

டாக்டர் மடியில் ஒட்டியிருந்த ஒரு மல்லிகை இதழைப் பிய்த்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன இது, வளைகாப்பு நடத்தினீங்களா?"

"ஆமா டாக்டர், செனைதான்" என்றார் சேகர், பணிவாக.

டாக்டர் சிரிக்கவில்லை. கெட்ட பாலைக் கடைசிச் சொட்டு வரை பீய்ச்சி எடுத்து, மருந்து ஏற்றி, ஊசி போட்டுவிட்டு எங்களை எதிரே நிற்கவைத்துப் பேசினார்.

"பால் வத்தணும்னா முதல்ல தீனியக் குறைக்கணும். நீங்க புண்ணாக்கும் சோளமுமா கொட்டினா பால் ஊறத்தானே செய்யும்? ஊறுன பாலுக்குப் போக்கு வேணாமா? மேல இறுக்கிக் கட்டி வேற வச்சிருக்கீங்க. காஞ்ச புல்லு, வைக்கோல் போதும். தண்ணி மட்டும் எப்பவும் இருக்கணும். குட்டியப் பிரிச்சா பிரிச்சதுதான், பாவம் பாத்து நடுநடுவுல விடக் கூடாது. தினம் மடியத் தொட்டுப் பாக்கணும். சூடோ கட்டியோ தெரிஞ்சா அன்னைக்கே கூட்டிட்டு வரணும்."

"பொழச்சிருமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஆடு பொழச்சுடும். வலது பக்கம் தப்பிச்சிடும். இடது பக்கம் சந்தேகம்தான்."

நாங்கள் வீடு திரும்புவதற்குள் செய்தி உத்திரமேரூர் போய்விட்டது. ஆட்டுக்குப் பூ முடித்து, யூனிபார்ம் மாட்டி, ஆட்டோவில் ஊர்வலம் விட்டதாகத்தான் போயிருந்தது. மறுநாள் காலை அத்தை வந்து இறங்கினார். பையைக்கூட வீட்டுக்குள் வைக்காமல் நேராகக் கொட்டகைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மடியைத் தடவிப் பார்த்தார். இடது பக்கத்தில் கை நின்றது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக வந்திருந்தேன். அவர் திட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு மட்டும் நான் தயாராக இல்லை. அழுதேவிட்டேன்.

"கறிக்கடக்காரன வரச் சொல்லவாம்மா?" என்று சேகர் சின்னக் குரலில் கேட்டார்.

"ஊசி போட்ட ஆட்ட எவன் வாங்குவான்?" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் வெள்ளச்சியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "வயித்துல வேற புள்ளயோட கீறா. பெத்து எடுக்கட்டும். இனிமே ஒரு பக்கந்தான் பால் வரும். ரெண்டு போட்டான்னா ஒன்னுக்கு இவ குடுப்பா." பிறகு என்னைப் பார்த்தார். "இன்னொன்னுக்கு நீ குடு."

கோபத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வெள்ளச்சி சொல்லிவைத்தாற்போல இரண்டு போட்டாள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இடது பக்கம் சுருங்கி, சொட்டுப் பால் இல்லை. பால் பாட்டிலையும் ரப்பர் காம்பையும் அத்தை கொண்டுவந்து என் கையில் திணித்தார். பேச்சு மாறாத மனுஷி.

அதிலிருந்து அந்தக் கறுப்புக் குட்டிக்கு நான்தான் தாய். வேலைக்குப் போவதற்கு முன் ஒரு பாட்டில், வந்ததும் ஒரு பாட்டில். நடுவில் அத்தை. ஆனால் அத்தை கொடுத்தால் குடிக்கும், நான் கொடுத்தால் குடித்துவிட்டு என் மடியிலேயே படுத்துக்கொள்ளும். நான் பஸ் ஸ்டாப்புக்குப் போனால் பின்னாலேயே வரும். பஸ் நகர்ந்தால் சுவரோரம் நின்று அது கத்துகிற கத்தலில், டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யம்மா, புள்ளைய வுட்டுட்டு வரியே" என்பார். கயத்தாறுக்காரரும் மறுபடி கண் சிவக்க வந்து நின்றார்.

குட்டி நன்றாகத் தழை தின்ன ஆரம்பித்ததும், பாட்டிலை நிறுத்து என்றார் அத்தை. நிறுத்தினேன். அதாவது, அத்தை பார்க்கும்போது நிறுத்தினேன். வெள்ளச்சியிடம் குடித்த குட்டி தானாகவே பால் மறந்து மேயப் போய்விட்டது. என் குட்டி மட்டும் தொப்பை போட்டுக்கொண்டு என் துப்பட்டாவைச் சப்பிக்கொண்டு திரிந்தது. ஒரு நாள் குளியலறைக் கதவை அத்தை படாரென்று திறந்தார். உள்ளே நானும் குட்டியும் பாட்டிலும்.

அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. குட்டியைத் தட்டிக்கு அந்தப் பக்கம் கட்டலாம் என்றார் சேகர்.

"குட்டிய எதுக்குக் கட்டணும்?" என்றார் அத்தை. "அது மறந்துடும். இவதான் மறக்க மாட்றா. இவள இட்டுனு போய் உத்திரமேரூர்ல வுட்டுட்டு வா."

சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை. சேகர் என் பையை எடுத்து வெளியே வைத்தார். கம்பெனியில் லீவு சொல்லச் சொன்னார்கள். காரணம் என்னவென்று சொல்வது? சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றேன். சேகர் ஏற்றிவிட்ட பஸ் கிளம்பும்போது குட்டி சுவரோரத்திலிருந்து கத்தியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து சீட்டு அம்மா பயந்து போய் முதுகில் தட்டிக்கொடுக்கிற அளவுக்கு அழுதேன். எனக்குக் குழந்தை தவறிவிட்டதாக அந்த அம்மா நினைத்துக்கொண்டார். ஆடு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளே சேகர் போன் செய்தார். குட்டி ஒரு வேளை கத்தியதாம், அப்புறம் வெள்ளச்சி பக்கத்தில் போய் நின்று அகத்தித் தழை தின்றதாம். "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். நான் சாப்பிட்டிருக்கவில்லை. திரும்பி வந்தபோது குட்டி என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, மேயப் போனது. வெள்ளச்சி ஒரு பக்க மடியோடு இன்னும் எங்கள் கொட்டகையில்தான் இருக்கிறாள். கறிக்கடைப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

இப்போதும் பொங்கலுக்கோ ஊர்க் கோயில் கொடைக்கோ நான் கோவில்பட்டி போயிருக்கும்போது, "மருமக எங்க, காணோமே?" என்று யாராவது கேட்டால் அத்தை முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் சொல்கிறார்.

"பால் மறக்கடிக்க அனுப்பிச்சிக்கீறோம்."

கேட்டவர்களுக்கு அத்தை விளக்கம் சொல்வதில்லை. வெள்ளச்சிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவாராம்.